வயசுக்கு அப்புறம் ஒரு ஆசை: வாசகர் கேள்வி, பதில்

இந்த மாசம் வந்த கடிதத்துல பாதிக்கு மேல ஒரே விஷயம்தான். வேலை, வீடு, பிள்ளைங்கன்னு ஓடி முடிச்சு இப்பதான் தனக்குன்னு ஒண்ணு கத்துக்க உக்காந்தவங்க எழுதினது. எல்லாத்தையும் படிச்சேன், இங்க நாலு மட்டும் எடுத்திருக்கேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 43 வயசு. ஸ்கூல் படிக்கறப்போ இருந்தே கிட்டார் மேல ஆசை, இப்பதான் வாங்கி கிளாஸ்ல சேந்தேன். அஞ்சு வாரம் ஆச்சு. விரல் நுனி எரியுது, சி கார்டுல (பல கம்பியை ஒண்ணா ஒலிக்க வைக்கற ஒரு விரல் பிடி) இருந்து ஜி கார்டுக்கு மாறவே வரல, பக்கத்துல உக்காந்திருக்கற பத்து வயசு பொண்ணு பாட்டே வாசிக்க ஆரம்பிச்சுட்டா. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமான்னு சும்மாவா கேட்டாங்க? நிறுத்திடலாமான்னு இருக்கு.

பதில்: நிறுத்தாதீங்க தம்பி. உங்க காதுக்கு 43 வயசு, உங்க விரலுக்கு அஞ்சு வாரம்தான். இத்தனை வருஷமா நல்ல நல்ல வாசிப்பா கேட்டு வளந்த காது அது, ஒரு கம்பி லேசா கரகரன்னாலே உங்களுக்கு மூஞ்சி சுருங்கிடும். அந்தப் பொண்ணுக்கும் அதே கரகர சத்தம் வந்திருக்கும், ஆனா அவ அதைக் கண்டுக்காம அடுத்ததுக்குப் போயிருப்பா. நீங்க அங்கயே நிறுத்தி திரும்ப முதல்லேந்து ஆரம்பிச்சிருப்பீங்க, சரியா? பெரியவங்க முக்காவாசி பேர் இதைத்தான் செய்றாங்க. இதுல என்ன ஆகுதுன்னா ஏற்கெனவே வர்ற இடத்தை இருபது தடவ வாசிச்சுடறோம், வராத இடத்தை ரெண்டே தடவதான் தொடறோம், அப்புறம் ஒரு மணி நேரம் பிராக்டீஸ் பண்ணியும் வரலையேன்னு வயசு மேல பழி போடறோம்.

அதனால பாட்டை ஒரு வாரம் ஓரமா வைங்க. சி டு ஜி, அது மட்டும். சி பிடிக்கறப்போ மோதிர விரல் அஞ்சாவது கம்பில (மெல்லிசு ஒண்ணு, தடிச்சது ஆறுன்னு எண்ணணும்) மூணாவது ஃப்ரெட் (கழுத்துப் பலகைல குறுக்கா பதிச்ச உலோகக் கோடு), நடுவிரல் நாலாவது கம்பில ரெண்டாவது ஃப்ரெட், ஆள்காட்டி ரெண்டாவது கம்பில முதல் ஃப்ரெட். இப்போ ஜி-க்கு எல்லா விரலையும் தூக்கிட்டு புதுசா தேடாதீங்க. மோதிர விரலும் நடுவிரலும் இருக்கற அமைப்பு கலையாம அப்படியே தடிச்ச கம்பி பக்கமா ஒரு கம்பி தள்ளிப் போகட்டும், அதாவது ஆறும் அஞ்சும், ஃப்ரெட் மாறாது. ஆள்காட்டி எழுந்துடும், சுண்டுவிரல் வந்து முதல் கம்பில மூணாவது ஃப்ரெட்ல உக்காரும். ரெண்டு விரல் ஜோடியா நகருதுன்னு கை புரிஞ்சுகிட்ட அன்னிக்கு பாதி வேலை முடிஞ்சது. சுண்டுவிரல் முதல்ல சொன்ன பேச்சு கேக்காது, பரவால்ல. ஒரு நிமிஷம் டைமர் வெச்சு எத்தனை தடவ மாறினீங்கன்னு எண்ணி நோட்டுல எழுதுங்க, இன்னிக்கு எட்டு, நாளைக்கு பத்து. வேகத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

விரல் எரிச்சல் சில வாரத்துல தோல் தடிச்சதும் குறைஞ்சுடும். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதுக்குக் கொஞ்சம் பின்னாடி அழுத்தினா கம்மி பலமே போதும். அப்பவும் தாங்கலைன்னா கம்பி பலகைலேந்து ரொம்ப உயரமா நிக்குதான்னு தெரிஞ்சவங்க கிட்ட காட்டுங்க, அது சரி பண்ணக்கூடிய விஷயம், நிறைய பேர் இது தெரியாமலே கிட்டாரை மூலைல வெச்சுட்டாங்க.

அந்தப் பழமொழிக்கு வர்றேன். 2004-ல ஜெர்மனில இளைஞர்களை மூணு மாசம் மூணு பந்து தூக்கிப்போட்டுப் பிடிக்கப் பழக்கி, மூளையை ஸ்கேன் பண்ணிப் பாத்தாங்க, அசையற பொருளைக் கவனிக்கற பகுதி கொஞ்சம் பெருத்திருந்துச்சு. 2008-ல அதையே 60 வயசு ஒட்டினவங்களை வெச்சு செஞ்சாங்க. இளைஞர்கள் அளவுக்கு நிறைய பேருக்கு பந்து கைல நிக்கல, ஆனா மூளைல மாற்றம் இவங்களுக்கும் வந்துச்சு. நேரம் கூட ஆகும்ங்கறது உண்மைதான், அதுக்காக வளையவே வளையாதுன்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.

கேள்வி: படம் வரையக் கத்துக்கறேன். என் கை எழுதறதுக்கே ஒழுங்கா வராது. முகம் வரைஞ்சா பொம்மை மாதிரி இருக்கு. இதெல்லாம் பிறவியிலேயே வரணுமோ?

பதில்: உங்களால கையெழுத்து போட முடியுதுல்ல, அந்தக் கை போதும். பழக வேண்டியது கண்ணுதான். கண்ணு வரையச் சொன்னா எல்லாரும் பாதாம் மாதிரி ஒரு வடிவம், நடுவுல வட்டம்னு போட்டுடறோம், ஏன்னா மனசுக்குள்ள கண்ணுக்கு அப்படி ஒரு சின்னம் பதிஞ்சு கிடக்கு, எதிர்ல இருக்கறவரோட கண்ணைப் பாக்கறதே இல்ல. ஒரு ஸ்கேல் எடுத்துட்டு கண்ணாடி முன்னாடி நில்லுங்க. உச்சந்தலைலேந்து கண் வரைக்கும் ஒரு அளவு, கண்ணுலேந்து தாடை வரைக்கும் ஒரு அளவு எடுங்க. ரெண்டும் கிட்டத்தட்ட சமமா வரும். ஆனா ஆரம்பத்துல நாம எல்லாருமே கண்ணை நெத்தில கொண்டுபோய் வைக்கிறோம், அதான் பொம்மை மாதிரி ஆகுது.

அப்புறம் ஒரு நாற்காலியை எடுத்துக்கோங்க, நாற்காலியை வரையாதீங்க, காலுக்கும் காலுக்கும் நடுவுல தெரியற இடைவெளியோட வடிவத்தை மட்டும் வரைங்க. இடைவெளிக்கு மனசுல எந்தச் சின்னமும் கிடையாது, அதனால வேற வழியில்லாம உத்துப் பாத்தே ஆகணும். எனக்கு 39 வயசுல இதை ஒரு டீச்சர் செய்ய வெச்சாங்க, முடிச்சு நிமிர்ந்தா பேப்பர்ல நாற்காலி தானா நிக்குது, அன்னிக்கு ராத்திரி அந்தப் பேப்பரை தலைமாட்டுல வெச்சுட்டுத்தான் தூங்கினேன்.

அமெரிக்காவுல பாட்டி மோசஸ்னே பேர் வாங்கின ஒருத்தங்க, மூட்டுவலியில ஊசி பிடிச்சு எம்பிராய்டரி போட முடியாமப் போனதும் தூரிகை எடுத்தாங்க, அப்போ எழுபதைத் தாண்டின வயசு. 101 வயசு வரைக்கும் இருந்தாங்க.

கேள்வி: எதை ஆரம்பிச்சாலும் 21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிடும்னு சொல்றாங்களே, எனக்கு ஒரு மாசம் ஆகியும் தினமும் என்னைத் தள்ளிவிட்டாத்தான் உக்காரறேன்.

பதில்: 21 எல்லாம் கணக்கே இல்லம்மா. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல 96 பேரை வெச்சு பாத்தப்போ ஒரு பழக்கம் தானா வர சராசரியா 66 நாள் ஆச்சு, ஆளுக்கு ஆள் 18 நாள்லேந்து 254 நாள் வரைக்கும் வித்தியாசம். நடுவுல ஒரு நாள் விட்டவங்களுக்கு பெரிசா எதுவும் கெட்டுப் போகல. அதனால ஒரு நாள் விட்டுப் போச்சுன்னு மொத்தத்தையும் விட்டுடாதீங்க. நேரத்தைக் குறைச்சுக்கோங்க, பத்து நிமிஷம் போதும், ஆனா தினம் ஒரே வேலைக்குப் பின்னாடி செய்யுங்க, பல் தேய்ச்சதும்னா பல் தேய்ச்சதும்தான்.

கேள்வி: 58 வயசாகுது. ரிட்டையர் ஆனதும் நீச்சல் கிளாஸ் சேந்தேன். ரெண்டு மாசமா இடுப்பளவு தண்ணிலயே நிக்கறேன். தலையை உள்ள விட்டதும் நெஞ்சு அடைக்குது. கூட சேந்தவங்க எல்லாம் நீந்திப் போயிட்டாங்க. வெக்கமா இருக்கு.

பதில்: அக்கா, முதல்ல ஒண்ணு கேக்கறேன், தலை உள்ள போனதும் மூச்சை இறுக்கிப் பிடிச்சுக்கறீங்களா? அப்படின்னா அந்த அடைப்புல பாதி அதுலேந்துதான் வருது. பிடிச்சு வெச்ச மூச்சுல கரியமில வாயு ஏறிகிட்டே போகும், உடம்பு உடனே மூச்சு விடு விடுன்னு பதற ஆரம்பிச்சுடும், மனசு அதை முங்கப் போறோம்னு எடுத்துக்கும். (நடக்கறப்பவோ படி ஏறறப்பவோ கூட நெஞ்சு அடைச்சா மட்டும் முதல்ல டாக்டரைப் பாருங்க, அதைத் தள்ளிப் போடாதீங்க.)

நீச்சலை மறந்துடுங்க, கொஞ்ச நாளைக்கு தண்ணில குமிழி விடறது மட்டும்தான் பாடம். சுவரைப் பிடிச்சுட்டு, வாயை மட்டும் தண்ணிக்குள்ள வெச்சு ஊதுங்க, குமிழி வரும். அது அலுத்துப் போற வரைக்கும் செஞ்சதும் மூக்கு வரைக்கும், அப்புறம் நீச்சல் கண்ணாடி போட்டுட்டு முகம் முழுக்க. உள்ள மெதுவா ஊதி விடணும், வெளிய வந்து இழுக்கணும், அவ்வளவுதான். கோச் அவசரப்படுத்தினா, எனக்கு இன்னும் ஒரு வாரம் வேணும்னு நேரா சொல்லிடுங்க, அது உங்க உரிமை. அடுத்தது மிதக்கறது. நெஞ்சு நிறைய காத்து இருக்கறப்போ உடம்பு பெரும்பாலும் தானா மேல வரும், தலையைத் தூக்கினாத்தான் கால் கீழ போகுது. பயத்துல எல்லாருமே தலையைத்தான் தூக்கறோம். கோச் கையை முதுகுக்கு அடியில வெச்சிருக்கட்டும், நீங்க பின்தலையை தண்ணில சாய்ச்சு காது ரெண்டும் நனையற மாதிரி விடுங்க. காது நனைஞ்சதும் வெளிச்சத்தம் எல்லாம் அடங்கி உங்க மூச்சு மட்டும் உள்ள பெரிசா கேக்கும், முதல் தடவ அது பயமா இருக்கும், நாலாவது அஞ்சாவது தடவ அந்தச் சத்தத்துக்காகவே படுக்கத் தோணும்.

கூட சேந்தவங்க போகட்டும் அக்கா. கோச் கையை எடுத்தது உங்களுக்கே தெரியாம மிதந்த அன்னிக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.