கணக்கில்லாத குண்டு

அன்புள்ள ஐயா,

தக்கலைக்காரன் நான். டெக்சாஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். அவன் மான் வேட்டைக்குப் போகிறவன். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவைக் கடையில் வாங்காமல் காரேஜில் உட்கார்ந்து தானே செய்கிறான். சுட்ட பித்தளைக் கூட்டை அச்சில் அழுத்தி அளவுக்குக் கொண்டுவந்து, புது கேப்பு (மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) வைத்து, வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, குண்டைப் பொருத்துகிறான். மருந்தை 0.1 கிரெய்ன் (ஆறரை மில்லிகிராம்) கூட்டிக் குறைத்து மூன்று மூன்றாகச் சுட்டுப் பார்க்கிறான். நூறு கெஜத்தில் மூன்றும் அரை அங்குலத்துக்குள் விழுந்த குறி அட்டையின் படத்தை அனுப்பியிருக்கிறேன். அதே அளவில் நான்காவது ஒன்று சுட்டான், அது விலகிவிட்டது. கைத்தவறாம். ஓர் உயிரைக் கொல்ல இவ்வளவு மெனக்கெடலாமா? நிறுத்தச் சொல்லட்டுமா? தோட்டா செய்யும் அந்தக் கருவியை ஊருக்குக் கொண்டுவந்தால் கடையாலுமூட்டில் எங்கள் ரப்பர் தோட்டத்துக் காட்டுப்பன்னிக்கு உதவுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள நண்பருக்கு,

பன்னி விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். காட்டுப்பன்னி 1972 வனவிலங்குச் சட்டப் பட்டியலில் இருக்கிறது. இந்த வயதில் கோர்ட்டுப் படி ஏற ஆசையா? அந்த எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு விமானம் ஏறுங்கள்.

பாவ புண்ணியம் என்னிடம் கேட்காதீர்கள். மீன் இல்லாமல் சோறு இறங்காத மாவட்டத்துக்காரர்கள் நாம். மகன் சமைத்த மான்கறியில் நீங்களும் இரண்டு துண்டு தின்றிருப்பீர்கள்.

காரேஜில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. மருந்து ஒரு கூட்டில் அளவுக்கு மிஞ்சி விழுந்தால் துப்பாக்கியே வெடித்துச் சிதறலாம். விழாமலே போனால் கேப்பின் வேகத்தில் குண்டு குழலுக்குள் சிக்கி நிற்கலாம், அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் ஆபத்து. மருந்து மாறிப்போகாதபடி மேசையில் ஒரே ஒரு டப்பா இருக்கிறதா, குண்டு வைக்கும் முன் எல்லாக் கூட்டிலும் விளக்கடித்துப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பார்க்கிறான் என்றால் நிம்மதியாகத் தூங்குங்கள்.

என்னை எழுத உட்காரவைத்தது அந்த நான்காவது குண்டு. வைத்தியம், ஜோசியம், ரப்பர் விலைக் கணிப்பு என்று பலித்ததை மட்டும் எண்ணிக்கொள்ளும் பழக்கத்தை ஊரெல்லாம் பார்த்துச் சலித்திருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே கை. மூன்று மூன்றாகச் சுட்டால் அட்டையில் ஓட்டைகள் சராசரியாக ஒரு அங்குல அகலத்துக்கு விரிகின்றன என்று வையுங்கள். எதையும் மாற்றாமலே ஒரு தடவை 0.6 வரும், அடுத்த தடவை 1.4 வரும். இரண்டும் சகஜம். இதற்கு நடுவில் ஆறரை மில்லிகிராம் மருந்தைக் கூட்டிப் போட்டு, கண்டுபிடித்துவிட்டேன் என்றால் எதைக் கண்டுபிடித்தான்? பத்து விதமான அளவில் மூன்று மூன்று சுட்டால் ஏதோ ஒன்று அழகாக விழத்தான் செய்யும். அதே தோட்டாவை ஐந்து சுட்டால் விரிவு 1.3 அங்குலத்தை ஒட்டி வரும், பத்து சுட்டால் 1.6. தோட்டா கெட்டுப்போகவில்லை. முதலில் இருந்தே அது அப்படித்தான் இருந்தது, மூன்றோடு நிறுத்தியதால் தெரியவில்லை.

சின்ன வயதில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடைக்கு மாமா என்னைக் கூட்டிப்போவார். பலகையில் வரிசையாகப் பலூன் கட்டியிருக்கும். மாமா ஏர்கன் கட்டையைக் கன்னத்தில் அழுத்தி, நாக்கைக் கடித்துக்கொண்டு சுடுவார். பலூன் உடைந்தால் திரும்பி என்னைப் பார்ப்பார். உடையாவிட்டால் குழலை ஒரு ஊது ஊதிவிட்டு, “இது கணக்கில்ல, கேட்டியா பிள்ளே” என்பார். ஒரு தடவை காசு கொடுக்கும்போதும் அந்தக் குண்டுகளைக் கழித்துக்கொண்டார். கடைக்காரர் ஈயக் குண்டு டப்பாவைக் குலுக்கிக் காட்டி, “அண்ணாச்சி, கணக்கில்லாததும் இதுக்குள்ள இருந்துதானே போச்சு?” என்றார். மாமா சண்டைக்குப் போய்விட்டார்.

உங்கள் மகனின் நான்காவது தோட்டாவும் அதே தராசில் நிறுத்ததுதானே? கைத்தவறு என்றால் விசையை அழுத்திய அந்த நொடியிலேயே, அட்டையைப் பார்க்கும் முன்பே, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஓட்டையைப் பார்த்த பிறகு சொல்வது சால்ஜாப்பு. நீங்களோ அவனுக்கும் ஒரு படி மேலே போய், அந்த ஓட்டை தெரியாதபடி படத்தையே வெட்டி அனுப்பியிருக்கிறீர்கள்! கோபம் வந்தது. அப்புறம் சிரிப்பும் வந்தது. பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் கணக்குப் பாடத்தை மட்டும் கட்டைவிரலால் மறைத்துக் காட்டும் தகப்பன்தான் நீங்கள், அப்படியே இருங்கள். ஆனால் துப்பாக்கி விஷயத்தில் வேண்டாம்.

வேட்டைக்கு அரை அங்குலம் தேவையும் இல்லை. மானின் நெஞ்சுப் பகுதியைச் சுமார் எட்டு அங்குலம் என்று கணக்கு வைப்பார்கள். நூறு கெஜத்தில் ஒன்றரை அங்குலம் விரிந்தாலும் தாராளம். பெரும்பாலும் அங்கே கிடைப்பது ஒரே ஒரு குண்டுதான், அதுவும் சூடாகாத குழலில் இருந்து போவது. அது எங்கே விழுகிறது என்று அவனுக்குத் தெரியுமா? சுட்டுப் பழகப் போகும்போதெல்லாம் அட்டையில் அந்த முதல் குண்டை மட்டும் சுட்டு, அட்டையைக் கழற்றிப் பத்திரமாக வைத்து, அடுத்த தடவை அதையே மாட்டச் சொல்லுங்கள். பத்து ஓட்டை சேரட்டும்.

நிறுத்தச் சொல்ல வேண்டாம். பத்தும் சேர்ந்த பிறகு படம் அனுப்புங்கள். படத்தை மட்டும் நீங்கள் எடுக்க வேண்டாம், மகனையே எடுக்கச் சொல்லுங்கள்.