பெரிய வியாழனன்று யூதர்களின் செடர் விருந்தை நடத்தலாமா?

சகோதரருக்கு வணக்கம். இயேசுவின் கடைசி இராப்போஜனம் எப்படி இருந்தது என்பதைக் காட்டுவதற்காக, எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையின் இரவில் இன்றைய யூதர்கள் கொண்டாடும் செடர் விருந்தை உங்கள் வேதபாட வகுப்பில் அப்படியே நடத்தலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து.

நான்கு கிண்ணம் திராட்சரசம் அருந்தும் அந்த விருந்தின் ஒழுங்கை நமக்கு விவரிக்கும் மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு, ஏறத்தாழ கி.பி. 200இல், அதாவது கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிக்கப்பட்டு, பஸ்கா ஆட்டுக்குட்டியைப் பலியிட இடமே இல்லாமற்போன பிறகு தொகுக்கப்பட்டது. எலியா தீர்க்கதரிசிக்காக விருந்தில் வைக்கும் கிண்ணமோ இன்னும் பிந்திய, இடைக்கால வழக்கம். இயேசுவின் நாளில் விருந்தின் நடுவே இருந்தது ஆலயத்தில் அறுக்கப்பட்ட ஆட்டுக்குட்டியே. அந்த இரவு பஸ்கா இரவுதானா என்பதிலேயே மாற்கு 14:12க்கும் யோவான் 18:28க்கும் இடையே வேறுபாடு தெரிகிறது. அதை மறைக்காமல் வகுப்பில் பேசுங்கள். தவிர, வேறொரு சமூகம் இன்றும் பக்தியோடு கைக்கொள்ளும் வழிபாட்டை நாம் நாடகமாக்குவது எனக்கு உறுத்துகிறது. (ஐரோப்பாவில் பெரிய வாரத்தில் யூதர்கள் தாக்கப்பட்ட வரலாறும் உண்டு.)

அதற்குப் பதிலாக, முதல் பஸ்காவை விவரிக்கும் யாத்திராகமம் 12ஐ வாசித்து, பஸ்காவில் பாடப்பட்ட சங்கீதங்கள் 113 முதல் 118 வரை சேர்ந்து பாடுங்கள். மாற்கு 14:26இல் சீஷர்கள் பாடிய ஸ்தோத்திரப்பாட்டு இவற்றின் பகுதியாக இருந்திருக்கலாம் என்று பல அறிஞர்கள் கருதுகிறார்கள். ‘வீடு கட்டுகிறவர்கள் தள்ளின கல்’ வருவதும் 118ஆம் சங்கீதத்தில்தான். இயேசு அதை மாற்கு 12:10இல் எடுத்தாளுகிறார். உங்கள் வகுப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.