திருவிழா மேடைக்கு வால்வு ஆம்ப்பா, மாடலரா?

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சிலும் வாசிப்பாராம். பெங்களூரில் ஒருவர் 1970களில் செய்த ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் என்ற வால்வு ஆம்ப்பை (கண்ணாடிக் குழாய் வால்வுகளால் கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) 1,60,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதே பணத்துக்கு, பல ஆம்ப்புகளின் சத்தத்தைக் கணக்கிட்டுப் போலச் செய்யும் நல்ல டிஜிட்டல் மாடலரே வாங்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். "மாடலரில் அந்த வால்வு சத்தம் வருமா? எதை வாங்கட்டும்?"

மேடைக்கு மாடலர் வாங்குங்கள். பழைய ஆம்ப் மட்டமானது என்பதால் இதைச் சொல்லவில்லை. வால்வு ரேடியோ பழுதுபார்த்துத் தொழில் கற்றவன் நான். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் செய்த வால்வுகளைத் துணியால் துடைத்து சாக்கெட்டில் செருகிய கை இது. அந்த ஆரஞ்சு வெளிச்சம் எனக்கும் பிடிக்கும்.

வால்வு ஆம்ப்பின் அழகு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, மெதுவாக வாசித்தால் சுத்தமாகப் பேசும், ஓங்கி அடித்தால் கரகரக்கும். சுத்தத்திலிருந்து கரகரப்புக்குப் போகிற வழி வழுக்கலாக இருக்கும். கிட்டாரின் வால்யூமைக் கொஞ்சம் குறைத்தாலே சுத்தமான சத்தம் திரும்பி வந்துவிடும். இரண்டாவது, டீலக்ஸ் ரிவெர்ப் போன்றவற்றில் ஏசி கரண்டை டிசியாக்கும் ரெக்டிஃபயரும் வால்வுதான். பல கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டை அழுத்தி அடிக்கும்போது உள்ளே வோல்டேஜ் ஒரு கணம் தளர்ந்து மறுபடி நிமிரும். சத்தமும் அமுங்கி எழும். மூன்றாவது ஸ்பீக்கர். 12 அங்குல ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் காற்று முழங்காலில் மோதும்.

முதல் இரண்டும் இன்றைய மாடலர்களில் நன்றாகவே வருகின்றன. 1998இல் லைன் 6 பாட் என்ற மாடலர் வந்தபோது அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது ஹீலிக்ஸ் போன்ற மாடலர்கள் அசல் ஆம்ப் சர்க்யூட்டின் ஒவ்வொரு பகுதியையும் கணக்கிடுகின்றன. கெம்பர், குவாட் கார்டெக்ஸ் போன்றவை நிஜ ஆம்ப்புக்குள் சோதனைச் சிக்னலை அனுப்பி, அது எப்படி மாறி வெளியே வருகிறது என்று பதிந்துகொள்கின்றன. ஆனால் அந்தப் பதிவு பொதுவாக நாப் இருந்த ஒரே நிலைக்கானது. கரகரப்பைக் கூட்டும் கெயின் நாபை வெகுதூரம் திருப்பினால் அசல் ஆம்ப் போகிற வழியில் அது போகாது. மாடலர் கணக்கிட்டு முடிக்க ஆகும் சில மில்லிசெகண்ட் தாமதத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். ஒலி 3 மில்லிசெகண்டில் ஏறக்குறைய ஒரு மீட்டர் போகும். ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்கிறபோது அதே தாமதம் உங்களுக்கு ஏற்கனவே இருக்கிறது.

மூன்றாவதுதான் வராது. மாடலர் கொடுப்பது, ஆம்ப் முன்னால் மைக் வைத்து எடுத்த சத்தம். ஆனால் திருவிழாவில் மைக் செட் பாக்ஸ் வழியாகக் கூட்டம் கேட்பதும் அதே மைக் சத்தம்தானே! முழங்காலில் மோதும் காற்று உங்களுக்கு மட்டும் கிடைப்பது. தபேலா மைக்கும் பாடகர் மைக்கும் பக்கத்திலேயே இருக்கிற மேடையில் டீலக்ஸ் ரிவெர்ப்பின் 22 வாட்டைக் கரகரக்கும் அளவுக்கு ஏற்றினால், எல்லா மைக்கிலும் கிட்டார்தான் விழும். போதாததற்கு ஒரே இரவில் எண்பதுகளின் பாட்டு, குத்துப்பாட்டு, பக்திப் பாட்டு என்று மாறுகிறீர்கள். காலால் ஒரு மிதி மிதித்தால் டோன் மாறுவது மெல்லிசைக் குழுவுக்குப் பெரிய வசதி.

அடுத்தது கரண்ட். அமெரிக்காவில் விற்ற ஆம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும்; நம் 50 ஹெர்ட்ஸ் அப்படியேதான் இருக்கும். ஹெர்ட்ஸ் குறைந்தால் ஆம்ப்பின் டிரான்ஸ்பார்மர் இரும்பில் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும். சூடேறும், உறுமும், பல மணி நேரக் கச்சேரியில் கருகவும் வாய்ப்புண்டு. மேடைகளில் ஜெனரேட்டர் வேறு. சீரியல் லைட்டை மொத்தமாக அணைத்ததும் மீட்டர் 260க்கு எகிறியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் வோல்டேஜைப் பாதியாக்கும் ஸ்டெப்டவுன் வழியாக 120 வோல்ட் ஆம்ப்புக்கு 130 போகும், 6.3 வோல்ட்டில் எரிய வேண்டிய வால்வு இழை 6.8இல் எரியும். பெரிய மாடலர்களில் பலவற்றின் பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். லேபிளைப் பார்த்து வாங்குங்கள், ஜெனரேட்டரில் ஒரு ஸ்டெபிலைசரையும் போட்டுக்கொள்ளுங்கள்.

மாடலர் வாங்கிவிட்டு "உயிரில்லை" என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோரிடம் இருப்பது இரண்டே தவறுகள். ஒன்று கேபினட் சிமுலேஷன், அதாவது ஸ்பீக்கர் பெட்டியின் சத்தத்தைப் போலச் செய்யும் அமைப்பு. மிக்சருக்குள் நேராகப் போகும்போது அது ஆனில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகரத்தைக் கீறுவது போல் கேட்கும். கிட்டார் ஆம்ப்பின் ஸ்பீக்கர் வழியாக வாசிக்கும்போது ஆஃபில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கம்பளி போர்த்தியது போல் மங்கும். இன்னொன்று, இரவில் வீட்டில் மெல்லிய சத்தத்தில் டோன் அமைப்பது. குறைந்த சத்தத்தில் நம் காதுக்கு பாஸ் சரியாகக் கேட்காது. அதனால் பாஸைக் கூட்டி வைப்போம். மேடையில் சத்தம் ஏறியதும் அதுவே குமுறும். சர்ச்சில் கூட்டம் வருமுன் அரை மணி நேரம் தரச் சொல்லிக் கேளுங்கள். பெரிய ஸ்பீக்கரில், மேடை அளவு சத்தத்தில், டிரம்ஸ்காரரையும் வாசிக்கச் சொல்லி பாஸைக் குறைத்து அமையுங்கள். அந்த அரை மணி நேரத்தில் உங்கள் டோன் வேறு டோனாகிவிடும்.

இவ்வளவுக்கும் பிறகு வீட்டில் வாசிக்க அந்த ஆம்ப் வேண்டும் என்று மனம் கேட்டால், கிட்டாரோடு பெங்களூர் போங்கள். பின்பக்கத்தில் வோல்ட், ஹெர்ட்ஸ் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 60 மட்டும் இருந்தால் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மர் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். கிரவுண்டு சுவிட்ச் இருந்தால் அதற்குப் பின்னால் ஒரு கண்டன்சர் இருக்கும். அது ஷார்ட் ஆனால் மெயின்ஸ் கரண்ட் ஆம்ப்பின் உலோகச் சட்டமான சேசிஸுக்கும், அங்கிருந்து கிட்டார் கம்பிக்கும் வரும். கிட்டாரைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்துப் பாடுகிறவருக்கு அது உயிராபத்து. முதல் வேலையாக அதைக் கழற்றி, மூன்று பின் எர்த் சரியாகப் போடச் சொல்லுங்கள். உள்ளே டிசி கரண்டைச் சமன்படுத்தும் ஃபில்டர் கண்டன்சர்களை எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். சில மாதங்களுக்கு முன் என் பட்டறைக்கு வந்த ஓர் ஆம்ப்பில் அவை வயிறு வீங்கி, முனையில் பழுப்புப் பொருக்கு கட்டியிருந்தன. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் மீட்டர் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. அதனால் தயவுசெய்து நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஆன் செய்யவும் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போக வாய்ப்புண்டு. 40 நிமிடம் ஓடவிட்டு, வாசித்துக்கொண்டே இருங்கள். கருகல் வாடை வந்தாலோ உறுமல் கூடிக்கொண்டே போனாலோ, விலையை எவ்வளவு குறைத்தாலும் வாங்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.