ஆர்டி-பிசிஆர் காலத்து விமானப் பயணம்: கவுண்டர்க்காரரிடம் கேளுங்கள்

சென்னை விமான நிலையத்தில் வளைகுடா விமானங்களின் செக்-இன் கவுண்டரில் பதினான்கு வருடம் நின்றவன் நான். கொரோனா காலம் முழுக்க அங்கேதான் இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை, அதனால் கொஞ்சம் மனம்விட்டுப் பேசலாம். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

சார்ஜாவிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, 2021 செப்டம்பர்ல கும்பகோணத்துல எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். மறுநாள் சென்னை ஏர்போர்ட்ல எடுத்தது பாசிட்டிவ். ரெண்டுல ஒண்ணு பொய்தானே? காசு பிடுங்கச் செஞ்ச வேலைன்னு எங்க ரூம்ல இன்னிக்கும் சொல்றாங்க.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம், தம்பி. 2021 ஆகஸ்ட் 5 முதல் இந்தியாவில் மாட்டிக்கொண்டிருந்தவர்களை அமீரகம் திரும்ப உள்ளே விட்டபோது இரண்டு சோதனை கேட்டது. ஒன்று 48 மணி நேரத்துக்குள் எடுத்த ஆர்டி-பிசிஆர், அதாவது மூக்குச் சளியில் கிருமியின் துணுக்கைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை. இன்னொன்று புறப்படுவதற்கு முந்தைய நான்கு மணி நேரத்துக்குள் விமான நிலையத்திலேயே எடுக்கும் ரேபிட் பிசிஆர். துபாய்க்கு அதைப் பிறகு ஆறு மணி நேரமாகத் தளர்த்தினார்கள். தொற்றின் தொடக்கத்தில் கிருமி மளமளவென்று பெருகும். இன்று சிக்காதது நாளைக்குச் சிக்கும். இன்னொரு வகையும் உண்டு: நோய் வந்து ஆறியவர் மூக்கில் செத்த கிருமியின் துணுக்குகள் வாரக்கணக்கில் கிடக்கும். பிசிஆர் அதையும் பெருக்கிக் காட்டிவிடும். சிடி மதிப்பு (கிருமி கண்ணில் படும்வரை எத்தனை சுற்று பெருக்கினார்கள் என்ற எண்) எத்தனை, பழைய தொற்றா புதுத் தொற்றா என்பதெல்லாம் மருத்துவர் பார்க்கிற விவரம். எங்கள் கவுண்டருக்கு வந்த தாளில் பாசிட்டிவ் என்ற ஒரு சொல்தான் கணக்கு.

காசு விஷயத்தில் உங்கள் ரூம்காரர்கள் சொல்வது பாதி நியாயம். வேறெங்கும் எடுக்க முடியாத சோதனைக்கு, வேறு வழியில்லாத ஆளிடம் சில ஆயிரம் வாங்கினால் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் பாசிட்டிவ் காட்டுவதில் யாருக்கும் லாபம் இல்லை. சோதனைக்கூடத்துக்கு எந்த முடிவானாலும் அதே காசு, விமானத்துக்கோ ஒரு சீட் காலி.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை: சார், ரிப்போர்ட்டைப் பார்க்க வேண்டியது போய் இறங்கும் நாட்டு அதிகாரிகள். டிக்கெட் விற்கிற கம்பெனி ஆட்கள் ஏன் டாக்டர் மாதிரி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்?

நாங்கள் விரும்பிச் செய்த வேலை இல்லை அம்மா. கொரோனாவுக்கு முன்பே இருந்த ஏற்பாடுதான் இது: வீசா இல்லாத ஆளை ஏற்றிக்கொண்டு போனால், அந்த விமான நிறுவனம்தான் அவரைத் திரும்பக் கூட்டிவர வேண்டும், பல நாடுகளில் அபராதமும் கட்ட வேண்டும். ஒவ்வொரு நாடும் என்ன தாள் கேட்கிறது என்று பார்க்க ‘டைமாட்டிக்’ என்ற தகவல் தொகுப்பு கவுண்டர் கணினியில் இருக்கும். கொரோனா வந்ததும் அரசுகள் சோதனைச் சான்றிதழையும் அதே சுமையில் சேர்த்துவிட்டன. முன்பு என்றைக்கோ ஒரு நாள் மாறிய விதி அப்போது வாரத்துக்கு இரண்டு முறை மாறும். ஷிஃப்ட் தொடங்கும்போது இருந்தது முடியும்போது இருக்காது.

தவறினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் கண்ணெதிரே இருந்தது. 2020 செப்டம்பரில், பாசிட்டிவ் சான்றிதழோடேயே ஒரு பயணியை ஏற்றிவந்துவிட்டார்கள் என்று ஏர் இந்தியா எக்ஸ்பிரஸுக்கு துபாய் தடை போட்டது. ஓரிரு நாளில் விலக்கிக்கொண்டார்கள் என்றாலும் செய்தி எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. அடுத்த ஆகஸ்டில், ரேபிட் சோதனை எடுக்காதவர்களை ஏற்றிவந்ததற்காக இண்டிகோவுக்கு அமீரகம் ஒரு வாரத் தடை போட்டது, அதையும் சில நாளிலேயே விலக்கிக்கொண்டது. ஒரு கவுண்டர் பையன் கண்ணயர்ந்தால் நூற்றுக்கணக்கான பேர் ஊரில் மாட்டிக்கொள்வார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு தாளைப் பாருங்கள், நீங்களும் திருப்பித் திருப்பித்தான் பார்ப்பீர்கள்.

ஒரு இரவு சொல்கிறேன். ஒருவர் ரிப்போர்ட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கியூஆர் கோடு சரியாக மடிப்பில். வியர்வையில் மை கரைந்து, ஸ்கேனர் படிக்கவே இல்லை. போதாததற்கு, ரிப்போர்ட் கொடுத்த நேரம் இருக்கிறது, சளி மாதிரி எடுத்த நேரம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு சோதனைக்கூடத்துக்குப் போன் போட்டு, யாரோ தூக்கக் கலக்கத்தில் வாட்ஸப்பில் புதுத் தாள் அனுப்பி, கவுண்டர் மூடப் பதினொரு நிமிடம் இருக்கும்போது போர்டிங் பாஸ் கொடுத்தேன். அதே இரவில் இன்னொருவருக்கும் அதே குறை. அவருடைய ஊரில் போனை யாரும் எடுக்கவில்லை. ஆஃப்லோட், அதாவது அவரை ஏற்றாமல் இறக்கிவிட்டோம். அவர் என்னைத் திட்டவில்லை. நைலான் கயிறு கட்டிய பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, “வீசா இன்னும் பதினஞ்சு நாள்தான் சார், அதுக்குள்ள அடுத்த டிக்கெட் எவ்வளவு வரும்?” என்று மட்டும் கேட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து: 72 மணி நேரம் என்பதை எங்கிருந்து எண்ணினார்கள்? மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது ஆளுக்கொன்று சொன்னார்கள்.

பெரும்பாலான நாடுகளுக்கு, மாதிரி எடுத்த நேரத்திலிருந்து விமானம் புறப்படும் நேரம் வரை. ரிப்போர்ட் கையில் வந்த நேரம் கணக்கில்லை. இதில் ஏமாந்தவர்கள்தான் அதிகம்.

அமெரிக்கா மணியை விட்டுவிட்டு நாளை எண்ணியது. 2021 ஜனவரி 26 முதல் மூன்று நாள், ஓமிக்ரான் வந்ததும் டிசம்பர் 6 முதல் ஒரே நாள். அந்த ‘ஒரு நாள்’ 24 மணி நேரம் அல்ல. வெள்ளிக்கிழமை மதியம் விமானம் என்றால் வியாழக்கிழமை விடியற்காலை எடுத்ததும் செல்லும். சென்னை, தோஹா, நியூயார்க் என்று ஒரே டிக்கெட்டில் போனால், இடையில் காத்திருப்பு 24 மணி நேரத்தைத் தாண்டாதவரை, சென்னையிலிருந்து கிளம்பும் நாள்தான் கணக்கு. தனித்தனி டிக்கெட் போட்டவர்களுக்கு இந்தச் சலுகை இல்லை. 2022 ஜூன் 12-ல் இந்த விதியே போய்விட்டது.

இலண்டனிலிருந்து ஓர் அக்கா: டிக்கெட்டை விட டெஸ்டுக்குத்தான் அதிகம் கொடுத்தோம் தம்பி!

தெரியும் அக்கா. போய் இறங்கியபின் இரண்டாம் நாள், எட்டாம் நாள் சோதனைகளுக்கு அரசுப் பொட்டலமே 170 பவுண்டு. 2021 ஆகஸ்டில் 136 ஆக்கினார்கள். நால்வர் குடும்பத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்.

திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஏர்லைன்ஸ் நஷ்டத்துக்கு டெஸ்ட் காரணமா, பயம் காரணமா?

முதலில் மூடிய எல்லைகள், பிறகு பயம், அதன்பின் சோதனை விதிகள். 2020-ல் உலகின் சர்வதேச விமானப் பயணம் முந்தைய ஆண்டைவிட 75.6 சதவீதம் விழுந்தது. அதில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. ஆனால் சோதனை விதியே நேரடியாக விமானத்தை நிறுத்திய இடம் ஒன்று உண்டு: சீனா.

வீட்டில் மின்சாரம் அதிகமானால் ஃபியூஸ் போகுமே, அப்படி ஓர் ஏற்பாட்டை 2020 ஜூனில் கொண்டுவந்தார்கள். ஒரு விமானத்தில் வந்தவர்களில் ஐந்து பேருக்குப் பாசிட்டிவ் என்றால் அந்தத் தடத்தில் அந்த நிறுவனத்துக்கு ஒரு வாரம் தடை, பத்துப் பேர் என்றால் நான்கு வாரம். மூன்று வாரம் தொடர்ந்து யாருக்கும் இல்லை என்றால் பரிசாகக் கூடுதல் விமானம்! கால அட்டவணை போடுகிறவர் நிலைமையை யோசியுங்கள். விமானம், பைலட், எரிபொருள் எல்லாம் தயார். அடுத்த வாரம் பறக்குமா என்பதை முந்தைய விமானத்தில் வந்தவர்களின் மூக்கு முடிவுசெய்யும். 2022 நவம்பர் வரை இது ஓடியது.

நாகர்கோவிலிலிருந்து: இவ்வளவும் செய்து நோய் நின்றதா?

நிற்கவில்லை. என் கணக்கில், சில நாள் அவகாசம் வாங்கித் தந்தது, அவ்வளவுதான். 2021 நவம்பர் 26-ல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து ஆம்ஸ்டர்டாமில் வந்திறங்கிய இரண்டு விமானங்களில் இருந்த அறுநூற்றுச் சொச்சம் பேரைச் சோதித்தார்கள். 61 பேருக்குப் பாசிட்டிவ். அங்கே புதிதாகத் தெரியவந்த ஓமிக்ரானுக்குப் பயந்து அந்த நாட்களில் பல நாடுகள் தென்னாப்பிரிக்காவுக்குக் கதவைச் சாத்தின. பிறகு பார்த்தால், அதற்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 19-ல் நெதர்லாந்திலேயே எடுத்த மாதிரியில் ஓமிக்ரான் இருந்திருக்கிறது. அவகாசம் தேவையில்லை என்று சொல்லமாட்டேன். மருத்துவமனையில் படுக்கை தயார் செய்ய ஒரு வாரம் பெரிய விஷயம். ஆனால் உள்ளூரில் தாராளமாகப் பரவிய பிறகும் மாதக்கணக்கில் அதே தாளைக் கேட்டதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

பெயர் வேண்டாம் என்றவர்: போலி ரிப்போர்ட் காட்டி யாராவது போனார்களா?

போயிருப்பார்கள். கியூஆர் கோடு வந்ததே அதனால்தான்.

தஞ்சாவூரிலிருந்து: இப்போ கென்யா போறேன் சார். ஏதாவது டெஸ்ட் உண்டா?

கொரோனாவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடாதீர்கள். நீங்கள் திரும்பி வரும்போது நம்மூர் சுகாதார அதிகாரி தடுப்பூசி போட்டதற்கான மஞ்சள் அட்டையைக் கேட்பார். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், எந்தக் கிழமை என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லுபடியாகும், அதன்பின் ஆயுள் முழுக்கப் போதும். அட்டையில் பாஸ்போர்ட் எண் சரியாக எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். தயவுசெய்து அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைக்காதீர்கள்.