ஐஸ்கஸியை மட்டும் விட்டுவிடுங்கள்

கேள்வி: சிவகாசியில் சிறிய அச்சகம் வைத்திருக்கிறேன். டிசைனுக்கு ஒரு மேக், பில் போட இரண்டு விண்டோஸ், பிளேட் எடுக்கும் இடத்தில் ஒரு லினக்ஸ். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை லினக்ஸ் சர்வராக மாற்றி, ஒரே ஃபோல்டரை எஸ்எம்பி (விண்டோஸில் வழக்கமானது), என்எஃப்எஸ் (லினக்ஸில் வழக்கமானது), ஐஸ்கஸி என்று நெட்வொர்க்கில் பகிரும் மூன்று வழியிலும் திறந்துவிடலாமா?

பதில்: முதல் இரண்டிலும் திறக்கலாம். மூன்றாவது வேறு ஜாதி. எஸ்எம்பியும் என்எஃப்எஸ்ஸும் ஃபைலைத் தருபவை. ஐஸ்கஸி வெறும் டிஸ்க்கைத் தூக்கிக் கொடுத்துவிடும். வாங்கிய கம்ப்யூட்டர் அதைத் தன் சொந்த டிஸ்க் என்றே நினைத்துக்கொள்ளும். தெரியாத்தனமாக நான் ஒருமுறை ஒரே ஐஸ்கஸி டிஸ்க்கை இரண்டு விண்டோஸில் மாட்டினேன். ஒன்றில் போட்ட ஃபைல் மற்றதில் தெரியவே இல்லை. சரி, கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று இரண்டிலும் வேலையைத் தொடர்ந்தேன். மறுநாள் காலை டிஸ்க் திறக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று எழுதி இரண்டும் சேர்ந்து அதைக் குதறியிருந்தன.

எஸ்எம்பி, என்எஃப்எஸ் இரண்டையும் ஒரே ஃபோல்டருக்குக் கொடுத்தாலும் சின்னச் சின்ன வம்பு உண்டு. விண்டோஸில் ஒருவர் எக்ஸெல் ஃபைலைத் திறந்து வைத்திருந்தால், எஸ்எம்பி வழியாக வரும் அடுத்தவருக்கு 'உபயோகத்தில் இருக்கிறது' என்று சொல்லிவிடும். என்எஃப்எஸ் வழியாக வருபவருக்குப் பெரும்பாலும் அது தெரியாது, நேராக எழுதிவிடுவார். தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு கூத்து. 'பொங்கல்' என்பதில் உள்ள கொம்பும் காலும் ஒரே குறியாகவும் பதிவாகலாம், இரண்டு குறிகளாகவும் பதிவாகலாம். மேக் என்எஃப்எஸ்ஸில் அதைப் பிரித்து அனுப்பக்கூடும். அப்போது கண்ணுக்கு ஒரே பெயரில் இரண்டு ஃபைல் நிற்கும்.

உங்கள் நான்கு கம்ப்யூட்டருக்கு எஸ்எம்பி ஒன்றே தாராளம். லினக்ஸிலிருந்து எஸ்எம்பி வழியாக ஃபைல் தரும் சாஃப்ட்வேர் சாம்பா, 1992-ல் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் தொடங்கியது. அதை அந்தச் சர்வரில் போடுங்கள். 2013-ல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் பதிப்பிலிருந்து மேக்கும் எஸ்எம்பியைத்தான் முதலில் தேடுகிறது. லினக்ஸிலும் அதை மவுன்ட் செய்யலாம், அதாவது சொந்த ஃபோல்டர் போல இணைத்துக்கொள்ளலாம். பிளேட் பகுதிக்கு என்எஃப்எஸ்தான் வேண்டும் என்றால், படிக்க மட்டும் அனுமதி கொடுங்கள்.

அப்புறம், பழைய கம்ப்யூட்டர் என்கிறீர்களே, நெட்வொர்க் போர்ட் நொடிக்கு எத்தனை மெகாபிட் (Mbps) என்று பாருங்கள். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட், அதனால் 100 என்றால் நொடிக்கு 12 எம்பி (மெகாபைட்) வருவதே பெரிய விஷயம். 1 ஜிபி காலண்டர் ஃபைலுக்கு ஒன்றரை நிமிடம் காத்திருக்க வேண்டும். ஜிகாபிட் கார்டும் ஸ்விட்ச்சும் இருந்தால் பத்து நொடி.