கடைசிப் பாட்டு: பழைய ராக் ஆல்பங்களைப் பற்றிக் கேள்வி பதில்

பழைய ராக் ஆல்பங்களின் கடைசிப் பாட்டைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: நல்ல சரக்கை முதலில் காட்டுவதுதானே வியாபாரம்? சில குழுக்கள் தங்கள் பெரிய பாட்டைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தது ஏன்?

பதில்: இத்தனைக்கும் இசைத்தட்டில் கடைசி இடம் மோசமான இடம். தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான் சுற்றும். வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 50 செ.மீ. நீளத்துக்கு ஒலி பதிந்த பள்ளம் ஓடுகிறது. தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளை நெருங்கும்போது அது 20 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். அதே இசையைப் பாதிக்கும் குறைவான நீளத்தில் அடைக்க வேண்டும். கூர்மையான ஒலிகள் மங்கும், கரகரப்பு ஏறும். அமைதியான பாட்டாகப் பார்த்துக் கடைசியில் போடுவது பாதுகாப்பு என்பது இதனால்தான். அது தெரிந்தும் பெரிய பாட்டை அங்கே வைத்தார்கள் என்றால், அதற்கு அடுத்து வருவது மௌனம் என்பதால்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் எழுந்து போய்த் தட்டை மாற்றும் வரை அறையில் வேறு பாட்டு கிடையாது. இப்போது ஆப் தானாகவே எதையாவது ஒன்றைப் போட்டுவிடுகிறது. அந்த ஆட்டோபிளேயை அணைத்துவிட்டு மேலே படியுங்கள்.

கேள்வி: அண்ணா, பீட்டில்ஸின் 'எ டே இன் த லைஃப்' முடிவில் அந்தப் பியானோ ஒலி எப்படி அவ்வளவு நேரம் நிற்கிறது? ஏதாவது மெஷினா?

பதில்: வெறும் கையும், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரும்தான் தம்பி. 1967 பிப்ரவரியில் லெனன், மெக்கார்ட்னி, ரிங்கோ, அவர்களுடைய உதவியாளர் மால் எவன்ஸ் நால்வரும் மூன்று பியானோக்களில் ஒரே நேரத்தில் ஈ மேஜர் என்ற சுரக்கூட்டை ஓங்கி அடித்தார்கள். தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் ஹார்மோனியத்தில் சேர்ந்துகொண்டார். ஒலி தேயத் தேய ஃபேடரை ஏற்றிக்கொண்டே போனார்கள். அப்படித்தான் 40 நொடிக்கு மேல் இழுத்தது. கடைசியில் ஃபேடர் உச்சத்தில் இருப்பதால் யாரோ உட்கார்ந்திருக்கும் நாற்காலி கிறீச்சிடுவதுகூட விழுந்துவிட்டது. ஹெட்ஃபோனில் கேட்டால் மாட்டும்.

பிரிட்டனில் வந்த தட்டு அதோடும் விடவில்லை. முதலில் நாய்களுக்கு நன்றாகக் கேட்கும் ஒரு கீச்சொலி. பிறகு, தட்டின் உள்வட்டப் பள்ளத்தில் அர்த்தமில்லாத பேச்சு. தானாக நிற்கும் வசதி இல்லாத பிளேயர் என்றால், ஊசியைத் தூக்கும் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: 'அபே ரோடு' ஆல்பம் முடிந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. திடீரென்று அரை நிமிடம்கூட இல்லாத ஒரு பாட்டு வந்து பாதியில் அறுந்து போகிறது. என் ஃபைல் பழுதா?

பதில்: ஃபைல் சரியாகத்தான் இருக்கிறது. பழுது 1969இலேயே ஏற்பட்டது!

அந்த 23 நொடிப் பாட்டு 'ஹர் மெஜஸ்டி'. முதலில் அது இரண்டாம் பக்கத்தில் ஒன்றோடொன்று கோத்த பாட்டுகளுக்கு நடுவில், 'மீன் மிஸ்டர் மஸ்டர்டு'க்கும் 'பாலிதீன் பாம்'முக்கும் இடையில், இருந்தது. கேட்டுப் பார்த்த மெக்கார்ட்னிக்குப் பிடிக்கவில்லை. வெட்டித் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார். ஆனால் பீட்டில்ஸ் பதிவு செய்த எதையும் எறியக் கூடாது என்பது ஸ்டுடியோ உத்தரவு. ஜான் கர்லாண்டர் என்ற இளம் உதவியாளர், வெட்டிய துண்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று டேப்பின் கடைசியில், கொஞ்சம் வெற்று நாடா விட்டு, ஒட்டிவைத்தார். அடுத்த முறை போட்டுக் கேட்டபோது எல்லாம் முடிந்த பிறகு அது திடுக்கென்று ஒலித்தது. இது மெக்கார்ட்னிக்குப் பிடித்துப் போயிற்று.

அதன் தொடக்கத்தில் டமார் என்று கேட்கும் அந்த அடி, முன்பு அதற்கு முன்னால் இருந்த 'மீன் மிஸ்டர் மஸ்டர்டு'வின் கடைசி அடி. 'ஹர் மெஜஸ்டி'யின் சொந்தக் கடைசி சுரம் வெட்டில் போய்விட்டது. முதலில் வந்த அட்டையில் இந்தப் பாட்டின் பெயர்கூட இல்லை. இதில் வேடிக்கை, முறையான முடிவாக அவர்கள் செய்து வைத்த பாட்டின் பெயரே 'தி எண்ட்'. ரிங்கோவின் டிரம்ஸ் தனி ஆவர்த்தனம் எல்லாம் வைத்து அத்தனை நேர்த்தியாக முடித்த ஆல்பத்தைக் கடைசியில் முடித்து வைத்தது ஒரு குப்பைத் துண்டு.

கேள்வி: குயீனின் 'எ நைட் அட் தி ஆப்பரா' 'பொஹீமியன் ராப்சடி'யோடு முடிகிறது, அதுதான் உலகின் சிறந்த கடைசிப் பாட்டு. ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: மாட்டேன், ஏனென்றால் அது அதோடு முடியவில்லை. அதற்குப் பின்னால் பிரையன் மே கிட்டாரில் வாசித்த பிரிட்டிஷ் தேசிய கீதம் இருக்கிறது. மேடையிலும் கடைசியில் அதைத்தான் ஒலிக்கவிடுவார்கள். நம் கச்சேரிகளின் மங்களம் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் 'வென் தி லெவீ பிரேக்ஸ்' பாட்டோடு முடிகிறது. அந்த டிரம்ஸ் சத்தத்தை என் வீட்டில் கொண்டுவர முடியுமா?

பதில்: மாடிப்படி இருக்கிறதா? ஹாம்ப்ஷயரில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம். ஒரு காலத்தில் ஏழைகள் விடுதி. அதன் கூடத்தில் ஜான் பானம் டிரம்ஸை வைத்து அடிக்க, ஒலிப்பதிவாளர் ஆண்டி ஜான்ஸ் இரண்டே இரண்டு மைக்கை மாடிப்படியின் மேலே தொங்கவிட்டார். டிரம்ஸுக்குப் பக்கத்தில் மைக் கிடையாது. நீங்கள் கேட்பதில் பாதி அந்த மாடிப்படிக் கூடத்தின் எதிரொலி. டேப்பையும் வேகம் குறைத்து ஓட்டியிருக்கிறார்கள். அந்தச் சேற்றில் நடப்பது போன்ற கனம் அதனால்தான். பாட்டும் வெள்ளப் பாட்டுதான்: 1927இல் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றின் கரை உடைந்ததைப் பற்றி கான்சாஸ் ஜோ மெக்காயும் மெம்பிஸ் மின்னியும் 1929இல் பதிவு செய்த ப்ளூஸ்.

கேள்வி: பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' ஏன் பாதி வாக்கியத்தில் முடிகிறது?

பதில்: மீதி வாக்கியம் முதல் பாட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. திரும்பப் போட்டால் கேள்வி முழுமையாகிவிடும்: இந்த வழியாகத்தானே நாம் உள்ளே வந்தோம்? ஆல்பம் முழுக்க ஒரே கதை; அதன் நாயகன் தன்னைச் சுற்றி மறுபடி சுவர் கட்டத் தொடங்குகிறான் என்று அர்த்தம்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று சொல்லுங்கள் சார்.

பதில்: தி ஹூ, 1971, 'ஹூஸ் நெக்ஸ்ட்' ஆல்பத்தின் 'வோன்ட் கெட் ஃபூல்டு அகெய்ன்'. எட்டரை நிமிடம். பீட் டவுன்ஷெண்ட் ஆர்கன் ஒலியைச் சிந்தசைசர் வழியாக விட்டுத் துடிக்க வைத்திருப்பார். ஏழு நிமிடம் போல ஆனதும் மற்ற எல்லாம் அடங்கி அந்தத் துடிப்பு மட்டும் தனியாக ஓடும். பிறகு கீத் மூன் டிரம்ஸில் ஒரு உருட்டு, அப்புறம் ராஜர் டால்ட்ரியின் அலறல்.

கல்லூரியில் நண்பன் கேசட்டில் பதிந்து கொடுத்தான். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே வேறு ஏதோ பாட்டு இருந்ததால் இடம் போதவில்லை. ஆர்கன் தனியாக ஓடும்போதே டேப் தீர்ந்து 'டக்' என்று நிற்கும். பாட்டே அப்படித்தான் முடிகிறது போலிருக்கிறது, என்ன துணிச்சல் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அலறலை நான் கேட்டது நாலு வருஷம் கழித்து, வேறொருவர் வீட்டில். கையில் இருந்த காப்பி சட்டையில் கொட்டிவிட்டது.