நின்று உதைக்கும் கோலையே தவறவிடும் ஃபார்வேர்ட் ஃபார்மில் இல்லை என்றுதானே அர்த்தம்?

கேள்வி: ஃபூட்டி எனப்படும் ஆஸ்திரேலியக் கால்பந்தில், யாரும் மேலே வந்து விழாமல் நிதானமாக நின்று உதைக்கக் கிடைக்கும் வாய்ப்பைக்கூட வாரா வாரம் வீணாக்கும் ஃபார்வேர்டை ஃபார்மில் இல்லாதவர் என்றுதானே சொல்ல வேண்டும்? ஜோ டேனிஹர் போன்றவர்களை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

டேனிஹர் பெயரைப் பார்த்த பிறகு பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் முன்பு ஆடிய மெல்பர்ன் அணியான எஸென்டனின் ரசிகன் நான். மெல்பர்னுக்கு வந்த புதிதில் பக்கத்து மேசைக்காரர் எஸென்டன் என்பதால் நானும் எஸென்டன் ஆனேன். பிறகு அதிலிருந்து வெளியே வர மனசு வரவில்லை. நீங்களும் இங்கே வந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும், எந்த ஃபார்வேர்ட் கோல் அடிப்பார் என்று ஊகிக்கும் அலுவலக டிப்பிங் போட்டியில் வாரா வாரம் பெயர் கொடுக்கிறீர்கள், திங்கட்கிழமை காலை ஸ்கோர் பட்டியலைப் பார்த்து எரிச்சலாகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். எரிச்சல் புரிகிறது. ஆனால் கேள்வியிலேயே இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒன்று ஃபார்ம். இன்னொன்று கோல் உதைப்பது.

ஒரு ஃபார்வேர்ட் ஃபார்மில் இருக்கிறாரா என்று பார்க்க நான் கோல் கணக்கைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் கோலையும் பிஹைண்டையும் கூட்டிப் பார்ப்பேன். உயரமான இரு கம்பங்களுக்கு நடுவே போனால் கோல், 6 புள்ளி. அவற்றுக்கு வெளியே, குட்டைக் கம்பத்துக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. இரண்டையும் கூட்டினால்தான் அந்த ஆள் எத்தனை முறை தடுப்பாளரை உதறிவிட்டு ஓடி, சரியான இடத்துக்கு வந்து, பந்தைப் பிடித்து, உதைக்கும் நிலை வரை போனார் என்று தெரியும். ஃபார்ம் போனவருக்கு பிஹைண்டும் விழாது. பந்து அவர் பக்கமே வராது.

லான்ஸ் ஃப்ராங்க்லினை எடுத்துக்கொள்ளுங்கள். 2008ல் ஹாதார்ன் அணிக்காக 113 கோல் அடித்தார். அதே வருடம் அவர் கணக்கில் 88 பிஹைண்ட். அந்த 88ஐ மட்டும் பார்த்தால் உங்கள் அளவுகோலில் அவர் தேறமாட்டார். அந்த வருடம் கோப்பை ஹாதார்னுக்குத்தான் போனது. அந்த இறுதியாட்டத்தில் எதிரணியான ஜீலாங் எடுத்தது 11 கோல், 23 பிஹைண்ட். கோட்டை விட்டார்கள் என்று எல்லாரும் பேசினார்கள். ஆனால் அந்த 23ல் 11, கோலுக்கு 6 கொடுப்பதைவிட பிஹைண்டுக்கு 1 கொடுப்பது மேல் என்று ஹாதார்ன் தடுப்பாளர்களே வேண்டுமென்று கோட்டுக்குப் பின்னால் கொண்டுபோனவை. அடுத்த சீசனிலேயே அதற்கு எதிராக விதி வந்துவிட்டது. ஒரு எண்ணை வைத்துக்கொண்டு முன்னே நின்றவனைத் திட்டுவதற்கு முன் அந்த எண் எப்படி வந்தது என்றும் பார்க்க வேண்டும். ஃப்ராங்க்லின் 2022 மார்ச்சில் சிட்னியில் ஆயிரமாவது கோலை அடித்தபோது கூட்டமே மைதானத்துக்குள் ஓடியது. அங்கே யாரும் அவருடைய பிஹைண்டை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

சரி, டேனிஹர். 2017ல் எஸென்டனுக்கு 65 கோல், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர்களைக் கொண்ட ஆல் ஆஸ்திரேலியன் அணியில் இடம், அன்ஸாக் நாள் ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரர் பதக்கம். அப்புறம் இடுப்புப் பகுதிக் காயம். 2018 முதல் 2020 வரை மூன்று சீசனிலும் சேர்த்து அவர் ஆடியது 15 ஆட்டம்தான். அந்த நாட்களில் எஸென்டன் ரசிகர்கள் மத்தியிலேயே அவரைப் பற்றிப் பேசிய பேச்சை நான் காதால் கேட்டிருக்கிறேன். உடம்பு ஒத்துழைக்காத ஒருவரை மனசு இல்லாதவர் என்றார்கள். அவர் பிரிஸ்பேனுக்குப் போனதும் துரோகி என்றார்கள். 2024 அரையிறுதியில் ஜிடபிள்யூஎஸ் அணியிடம் பிரிஸ்பேன் 44 புள்ளி பின்தங்கி இருந்தது. கடைசியில் 5 புள்ளியில் வென்றது. முடிவில் நின்று அடித்தவர் டேனிஹர். இரண்டு வாரம் கழித்து சிட்னியை 120க்கு 60 என்று வீழ்த்திக் கோப்பையும் வாங்கினார்கள். அப்போது அவருக்கு 30 வயது. அத்துடன் ஓய்வு பெற்றுவிட்டார். எஸென்டன் ஃபைனல்ஸில் ஓர் ஆட்டம் ஜெயித்து, 2004க்குப் பிறகு நான் பார்த்ததில்லை. அவரைத் துரத்தியவர்கள் என்ன சம்பாதித்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

"மைதானத்தில் இறங்காத ஆளுக்கு என்ன தெரியும்" என்று யாராவது கேட்பீர்கள். நான் பயிற்சியாளர் இல்லை, பள்ளியில் ஆடியது கபடி. ஆனால் ஃபூட்டியில் கோல் உதைப்பதை மிகப் பக்கத்தில், நேர் எதிரே நின்று பார்த்திருக்கிறேன். என் மகள் மெல்பர்னின் மேற்குப் புறநகரில் ஒரு கிளப்பில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் ஆடினாள். அந்த அணிக்குப் பெரும்பாலும் நான்தான் கோல் அம்பயர், அதாவது கம்பத்தடியில் நின்று கோலா பிஹைண்டா என்று காட்டுபவர். வெள்ளைக் கோட்டு, கையில் இரண்டு கொடி, பையில் ஸ்கோர் அட்டை, தலைக்கு மேலே கம்பம். உதைப்பவரின் முகம், கை, பாதம் மூன்றும் அங்கிருந்து தெரிவது போல வேறெங்கிருந்தும் தெரியாது.

மகள் வயதுக்கு உயரம். அதனால் ஃபுல் ஃபார்வேர்டில் போட்டார்கள். முதல் சீசன் நன்றாகப் போனது. இரண்டாவது சீசன் பாதியில் கோல் விழுவது நின்றுவிட்டது. பந்து வராமல் இல்லை. மற்ற எல்லாரையும்விட அதிகமாகப் பிடித்தாள். உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் பிடித்து மார்க் எடுப்பாள், பின்னால் நடப்பாள், ஓடிவருவாள், உதைப்பாள், பந்து குட்டைக் கம்பத்துப் பக்கம் போகும். நான் ஒரு விரலைக் காட்டி ஒரு கொடியை ஆட்டுவேன். சொந்த மகளுக்கு ஒற்றைக் கொடி ஆட்டுவது எப்படி இருக்கும் என்று அந்தக் கோட்டைப் போட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் காற்று பலமாக இருந்தது. எங்கள் பக்கம் மரமே இல்லாத வெட்டவெளி மைதானங்கள். காற்றுக்கு ஒரு தடையும் கிடையாது. அவள் ஒவ்வொரு முறை ஓடிவரும்போதும் எல்லைக் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தகப்பன், அதே அணியில் ஆடும் பெண்ணின் தகப்பன், "இவளைப் பின்னால் அனுப்புங்கள்" என்று கத்தினார். ஒரு முறை இல்லை, ஒவ்வொரு முறையும். கோட்டு போட்ட நான் வாய் திறக்கக் கூடாது. திறக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து அவளைத் தடுப்பு வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்.

காரில் வரும்போது, "அப்பா, நான் மிஸ் பண்றது எல்லாருக்கும் தெரியுது. நான் ஓடுறது யாருக்குமே தெரியலையா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய ஸ்கோர் அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினேன். கோல் கணக்கை ஒதுக்கிவிட்டு, எத்தனை வாய்ப்பு அவள் வழியாக வந்தது என்று குறித்தேன். அவள் முன்னால் இருந்த ஆட்டங்களில் எங்கள் அணி உதைத்த வாய்ப்புகளில் பாதிக்கு மேல் அவள் எடுத்த மார்க்கிலிருந்தோ, அவள் தட்டிவிட்ட பந்திலிருந்தோ வந்தவை. அவளைப் பின்னால் அனுப்பிய பிறகு முன் வரிசைக்குப் பந்து வருவதே குறைந்துவிட்டது. நான் கொடியை ஆட்டாமல் சும்மா நின்றுகொண்டிருந்த குவார்ட்டர்களும் உண்டு.

அட்டைகளைப் பயிற்சியாளரிடம் காட்டினேன். தகப்பன் பாசம் என்று நீங்கள் சொல்லலாம். அவரும் அப்படித்தான் முதலில் பார்த்தார் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் இளம்பெண், தானும் ஆடியவர், எண்களைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். அடுத்த பயிற்சியில் அவளைத் தனியே கூப்பிட்டார். கோல் பக்கமே போகவில்லை. தரையில் இருந்த ஒரு கோட்டின் மேல் நிற்க வைத்து, பந்தை உதைக்காமல் வெறுமனே கையிலிருந்து விடச் சொன்னார். அது நேராக விழுகிறதா, சாய்ந்து விழுகிறதா என்று மட்டும் பார்த்தார்கள். சாய்ந்துதான் விழுந்தது.

நோய் அங்கேதான் இருந்தது, பெரும்பாலும் எல்லாருக்கும் அங்கேதான் இருக்கும். பந்தைக் கையிலிருந்து நேராக விட்டு உதைக்கும் ட்ராப் பன்ட் உதைக்கும்போது பந்தைக் கீழே கொண்டுபோகும் கை கொஞ்சம் குறுக்கே இழுத்தாலும் முட்டை வடிவப் பந்து சாய்ந்துவிடும். பாதம் நடுவில் படாமல் ஓரத்தில் படும். கோல் கம்பங்களுக்கு நடுவே 6.4 மீட்டர். 40 மீட்டரில் நேர் எதிரே நின்றால்கூட இரு பக்கமும் ஐந்து பாகைக்குள் பிசகினால்தான் கோல். பக்கவாட்டில் போகப் போக அந்த இடைவெளி இன்னும் சுருங்கும். டேனிஹர் 201 செ.மீ. உயரம். அவர் கையிலிருந்து காலுக்குப் பந்து வர வேண்டிய தூரம் அதிகம். சாயவும் காற்றில் விலகவும் நேரம் அதிகம். உயரமான ஃபார்வேர்டுகள் உதையில் தடுமாறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. அதோடு, "நிதானமாக நின்று" என்று எழுதியிருக்கிறீர்களே, உதைக்கக் கிடைக்கும் அந்த 30 வினாடிக்கு முன்னால் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? முழு வேகத்தில் ஓடி, எகிறி, இரண்டு பேர் முதுகில் இடிக்கப் பந்தைப் பிடித்திருப்பார். மூச்சு அடங்கியிருக்காது. ஆட்டத்தில் அவர் தனியாக நிற்கும் நேரம் அது ஒன்றுதான், பார்ப்பவர்கள் எல்லாரும் அப்போது அவரைத்தான் பார்க்கிறார்கள்.

அதனால்தான் பெரிய ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு வழி கண்டுபிடித்தார்கள். எங்கள் மேத்யூ லாய்ட் ஒவ்வொரு முறையும் புல்லைக் கிள்ளி மேலே எறிந்து காற்றைப் பார்ப்பார். கூரை மூடிய அரங்கிலும் எறிவார். சிரித்தவர்கள் உண்டு, 926 கோல் அடித்தார். வெஸ்ட் கோஸ்டின் ஜோஷ் கென்னடி ஓடிவரும்போது நடுவில் குட்டிக் குட்டியாகத் தடுமாறுவது போல அடி வைப்பார். 2015, 2016 இரண்டு வருடமும் அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம். டேனிஹர் ட்ராப் பன்டை விட்டுவிட்டு, நின்று உதைக்கும்போதுகூட உடம்பைச் சுற்றிக் காலை வீசி ஸ்னாப் அடிக்க ஆரம்பித்தார். டிவியில் சில முன்னாள் ஆட்டக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, நேர் எதிரே இருந்துகொண்டு இது என்ன வேடிக்கை என்பார்கள். தனக்குப் பந்து எப்படிப் போகிறது என்று தெரிந்த ஒருவர் எடுத்த முடிவு அது. அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

மகளை மறுபடி முன்னால் போட்டார்கள். இப்போதும் தவறவிடுகிறாள். முன்பைவிடக் குறைவு, அவ்வளவுதான். கோணத்தில் மாட்டிக்கொண்டால் அவளும் ஸ்னாப் அடிக்கிறாள். அந்தத் தகப்பன் இப்போதும் கத்துகிறார்.

அவரைப் பற்றிச் சொல்ல வந்தது இன்னொன்று. அந்த சீசன் முழுவதும் கோல் அம்பயர் வேலைக்கு ஆள் கேட்டு மேனேஜர் வாரா வாரம் அணியின் செயலியில் செய்தி போடுவார். எல்லாரும் படித்திருப்பார்கள், ஒருவரும் பதில் போடமாட்டார்கள். அதே இரண்டு மூன்று குடும்பங்கள்தான் கோட்டை மாற்றி மாற்றிப் போட்டோம். பவுண்டரி அம்பயர், கேன்டீன், முதலுதவி, மேட்ச் முடிந்து கம்பத்தின் மெத்தையைக் கழற்றுவது, எல்லாம் அதே ஆட்கள். நம் தமிழ்க் குடும்பங்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன். பிள்ளையை இறக்கிவிட்டு டியூஷனுக்கு இன்னொரு பிள்ளையைக் கொண்டுபோகிறோம் என்பார்கள். எனக்கும் இன்னொரு பிள்ளை உண்டு, அவனுக்கும் டியூஷன் உண்டு. குளிரில், மழையில், ஈரப் புல்லில் நிற்க ஆள் இல்லை. கயிற்றுக்கு வெளியே நின்று கத்த மட்டும் ஆள் குறைவதே இல்லை.

உங்கள் டிப்பிங்குக்கு வருகிறேன். வரும் வாரத்தில் பெயர் கொடுக்கும்போது கடைசி ஐந்து ஆட்டத்தில் அந்த ஃபார்வேர்டின் கோலையும் பிஹைண்டையும் கூட்டுங்கள், மார்க் எத்தனை என்று பாருங்கள். அவை குறையாமல் கோல் மட்டும் குறைந்திருந்தால் அவரை விடாதீர்கள். மூன்றும் சேர்ந்து குறைந்திருந்தால், அல்லது தொடையைப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால், நீங்கள் சொன்னதுதான் சரி, வேறு ஆளைப் பாருங்கள்.